பழைய பைக் சாமானை ஆன்லைனில் விற்க: முன்பணமா, கேஷ் ஆன் டெலிவரியா, மெக்கானிக் கையிலா?

உச்சிப்புளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். அவருடைய மாமா வைத்திருந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சேஸி அரித்துப்போய், இனி கட்டினாலும் தேறாது என்று வண்டியையே கழற்றிப் போட்டுவிட்டார்களாம். கார்ப்பரேட்டர், சைலன்சர், டேங்க், ஸ்பார்க்கை இயக்குகிற சிடிஐ பெட்டி, இஞ்சின் பிளாக்கும் பிஸ்டனும் என்று ஒரு சாக்கு நிறையச் சாமான். காயலான் கடைக்காரர் எடை போட்டுச் சொன்ன விலையைக் கேட்டு வயிறு எரிந்து, படம் எடுத்து ஆன்லைனில் போட்டிருக்கிறார். அன்றைக்கே நிறையப் பேர் கேட்டார்கள், விலை பேசினார்கள், "எந்த ஊர்ண்ணே?" என்றார்கள். ராமநாதபுரம் என்றதும் பாதிப் பேரைக் காணோம். மிச்சப் பேர் கேஷ் ஆன் டெலிவரி இருந்தால் சொல்லுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

"முன்பணம் கேட்டா நம்ப மாட்டேங்கிறாங்கண்ணே, கேஷ் ஆன் டெலிவரின்னா எனக்குப் பயமா இருக்கு, எதைத்தான் வைக்கிறது?" என்றார். இதே கேள்வியைத் தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். நானும் சில வருடங்களாகக் கழற்றின சாமான் விற்கிறேன், எல்லா வழியிலும் ஒரு தடவையாவது கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

"வாங்குகிறவர் நம்பவில்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் நாலு தனித்தனிப் பயம் இருக்கிறது. பணம் போட்டதும் போனை அணைத்துவிடுவானோ என்பது ஒன்று. ராணுவ உடுப்பில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, மாற்றலாகிப் போகிறேன், பாதி விலைக்குத் தருகிறேன் என்று விளம்பரம் போட்டு ஏமாற்றும் கூட்டத்தால் வந்த பயம் இது, வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது, படத்தில் பார்த்த அதே பொருள்தான் வருமா என்பது. மூன்றாவது, வந்தது வேலை செய்யுமா என்பது. ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் வந்தது, ஆக அதன் ஒரிஜினல் சாமான் எதுவானாலும் ஏறக்குறைய 30 வயது ஆகிவிட்டது. நாலாவது, திருட்டு வண்டியைப் பிரித்த சாமானாக இருந்து போலீஸ் வந்து நம் வாசலில் நிற்குமோ என்பது.

ஒவ்வொரு வழியையும் இந்த நாலில் எதைத் தீர்க்கிறது, எதை அப்படியே விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்துக்கு இன்னும் மூன்று. காரியம் கெட்டால் நஷ்டம் யார் தலையில், பணம் கைக்கு வர எத்தனை நாள், கண்ணுக்குத் தெரியாத செலவு எவ்வளவு.

நம்ம கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு பயம் உண்டு, அது உப்பு. டிஎன் 65 நம்பர், 623 என்று ஆரம்பிக்கிற பின்கோடு, இரண்டையும் பார்த்ததுமே கோயம்புத்தூர்க்காரர் "கடற்கரை வண்டியா?" என்று கேட்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ நாலு வருடம் வெளியில் நின்ற வண்டியின் ரிம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா. இந்த ஐந்தாவது பயத்தைத் தீர்க்காமல் மற்ற நாலைத் தீர்த்தும் பிரயோஜனமில்லை, அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

## எந்த வழியானாலும் துருவை முதல் படமாகப் போடுங்கள்

நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, விற்பதற்கு முன்னால் ஒரு சில்வர் ஸ்ப்ரே வாங்கி அடித்துவிடுவது. விவரம் தெரிந்தவர் புதுப் பெயின்டைப் பார்த்தாலே அடியில் எதையோ மறைத்திருக்கிறான் என்றுதான் நினைப்பார், விவரம் தெரியாதவர் வாங்கி நாலு மாதத்தில் சொரி கிளம்பியதும் உங்களைத் திட்டுவார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உள்ளது உள்ளபடி படம் எடுங்கள்.

எங்கெங்கே பார்ப்பார்கள் என்று தெரிந்தால் அங்கங்கே நீங்களே காட்டிவிடலாம். ஃபோர்க் குழாயில் ஆயில் சீல் ஏறி இறங்குகிற இடத்தில் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று வீடியோவில் தடவிக் காட்டுங்கள், அங்கே பள்ளம் இருந்தால் சீலை அறுத்துவிடும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்பக்கத்தைக் காட்டுங்கள், வெளியில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்துங்கள், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று காட்டுங்கள். வயரிங் கனெக்டரில் பச்சைக் களிம்பு இருந்தால் அதையும்தான். சைலன்சர் வெளியில் பளபளவென்று இருந்தாலும் உள்ளிருந்து அரித்திருக்கும், தட்டினால் வருகிற சத்தமே சொல்லிவிடும், அந்தச் சத்தத்தையும் பதிவு பண்ணுங்கள்.

மீன் வண்டியாக ஓடிய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் என்றால் மீன் வண்டி என்றே எழுதுங்கள். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின்பக்கம் முழுக்க என்ன ஆகியிருக்கும் என்று அதை வாங்குகிறவருக்கும் தெரியும். இஞ்சின் நன்றாக இருக்கிறது, ஸ்விங் ஆர்ம் போய்விட்டது என்று நீங்களே சொன்னால் இஞ்சினைப் பற்றிச் சொல்வதை நம்புவார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் எதையும் நம்ப மாட்டார்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

## முழுப் பணமும் முன்னால்

விற்கிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. பணம் அப்போதே வந்துவிடும், பார்சல் திரும்பி வருகிற தொல்லை இல்லை, மறைந்த செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாங்குகிறவருக்கோ நாலு பயத்தில் ஒன்றுகூடத் தீராது. அவர் உங்களை ஏற்கெனவே நம்பினால்தான் இந்த வழி நடக்கும்.

நடக்க வைக்க ஒன்றிரண்டு சில்லறை வேலை உண்டு. யுபிஐயில் காட்டும் பெயரும் நீங்கள் சொல்லிக்கொள்ளும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மச்சான் நம்பருக்குப் போடுங்கள், வீட்டுக்காரி கணக்குக்குப் போடுங்கள் என்றால் பத்துக்கு எட்டுப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், எவ்வளவு யோக்கியமான காரணம் இருந்தாலும் சரி. அன்றைய தேதியையும் வாங்குகிறவர் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சாமான் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்புங்கள். வேறு யாரோ போட்ட படத்தைத் திருடிப் போடுகிறவனால் இதைச் செய்ய முடியாது.

நமக்கும் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டு அவசரப்படுத்துவார்கள். வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்க்காமல் பார்சல் கட்டாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை, போடச் சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

500, 600 ரூபாய்க்குள் அடங்கும் லீவர், ஃபுட்ரெஸ்ட், மிரர் மாதிரிச் சாமானுக்கும், ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியவருக்கும் இதுவே போதும். அதற்கு மேல் கேட்காதீர்கள் என்பது என் கட்சி.

## பாதி முன்னால், பாதி பின்னால்

பாதியோ மூன்றில் ஒரு பங்கோ வாங்கிக்கொண்டு பேக் பண்ணி, அனுப்பிய ரசீதைக் காட்டி மீதியை வாங்குவது. பார்க்கிறவர்களுக்கு இது அரைகுறை ஏற்பாடு மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு பேருடைய கையும் கொஞ்சம் மாட்டியிருப்பதால் இரண்டு பேரும் ஒழுங்காக நடந்துகொள்வார்கள். போனை அணைத்துவிடுவானோ என்ற பயம் பாதியாகக் குறையும். பேக் பண்ணுவதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து, கடைசியில் பெட்டியின் மேல் உள்ள விலாசம் தெரிகிற மாதிரிக் காட்டினால் இரண்டாவது பயமும் ஓரளவு தீரும். வேலை செய்யுமா என்பது தீராது.

இதில் சிக்கல் மீதிப் பணத்தில்தான். கூரியரில் போட்டுவிட்டோம் என்றால் பெட்டி அதுபாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போய்விடும், மீதியைக் கேட்டால் "பார்த்துட்டுப் போடுறேன்" என்பார், அப்புறம் சின்னக் கீறலைக் காட்டி 300 ரூபாய் குறைப்பார். இதற்கு லாரி பார்சலில் சரக்கு வியாபாரிகள் ரொம்ப காலமாகச் செய்கிற வழி ஒன்று இருக்கிறது. சரக்கை வாங்குகிறவர் பெயரில் போடாமல் செல்ஃப் என்று நம் பெயரிலேயே புக் பண்ணுவது. லாரி ஆபீசில் புக் பண்ணும்போது தருகிற அசல் எல்ஆர் ரசீது இல்லாமல் அந்த ஊர் ஆபீசில் சரக்கைத் தர மாட்டார்கள். அவர் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சரக்கு வந்துவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு மீதியைப் போட்டதும் ரசீதில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். ரசீது போய்ச் சேர இரண்டு நாள் கூடுதலாகும், சீக்கிரம் எடுக்காவிட்டால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் போடுவார்கள். ஃபோர்க் செட், வீல் மாதிரிக் கனமான சாமானுக்கு இந்தத் தாமதம் தாங்கும்.

ஆம்னி பஸ்ஸில் போட்டு அனுப்புவது வேகம், ராத்திரி போட்டால் காலையில் சென்னை. ஆனால் தொலைந்தால் கேட்பதற்குப் பல நேரம் உருப்படியான ரசீதுகூட இருக்காது. விலை கூடிய சாமானை அதில் போடாதீர்கள்.

## கேஷ் ஆன் டெலிவரி

எல்லாரும் கேட்பது இதைத்தான், அதனால் இதுதான் நம்பிக்கைக்கு ராஜபாட்டை என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். டெலிவரிப் பையன் வாசலில் நிற்கிறான், காசு கொடுத்தால்தான் பெட்டி கைக்கு வரும், பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்பது பெரும்பாலும் நடக்காது. ஆக, பொருள் வருமா என்ற முதல் பயம் மட்டும்தான் தீர்கிறது. பெட்டிக்குள் இருப்பது செங்கல்லா கார்ப்பரேட்டரா என்பது காசு கொடுத்த பிறகுதான் தெரியும். நாலு பயத்தில் ஒன்றைத் தீர்க்கிற வழிக்கு நாலையும் தீர்க்கிற மரியாதை கிடைத்திருக்கிறது, அதன் செலவு முழுக்க நம் தலையில்.

செலவைக் கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு 1,500 ரூபாய்ச் சாமான், போகிற கூலி 120, கேஷ் ஆன் டெலிவரிக் கட்டணம் 50 என்று வைப்போம். அவர் வாங்கிக்கொண்டால் 170-ல் முடிந்தது. போனை எடுக்காமல் விட்டாலோ, மனசு மாறி வேண்டாம் என்றாலோ, திரும்பி வருகிற கூலி இன்னொரு 120. சாமான் மறுபடி நம் கைக்கு வர இரண்டு வாரம்கூட ஆகும், அதற்குள் முழுப் பணம் தருகிறேன் என்றவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டிருப்பார். நல்லபடியாக விற்றாலும் பணம் உடனே வராது, நடுவில் இருக்கிற கம்பெனி சில நாள் வைத்திருந்துதான் கணக்கில் போடும்.

எடையிலும் ஒரு பொறி உண்டு. கூரியர்காரர்கள் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, அது அதிகமாக இருந்தால் அந்த எடைக்குக் காசு போடுவார்கள். 60, 35, 30 சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு டேங்கை வைத்தால் 12.6 கிலோ. தராசில் அதில் பாதிகூட வராது. போக ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை என்று 12.6 கிலோவுக்குக் கூலி கொடுத்துப் பாருங்கள், காயலான் கடைக்காரர் நல்லவராகத் தெரிவார்.

இன்னொன்று என் சொந்தக் கதை. ஒரு சிடிஐயை இந்த வழியில் அனுப்பினேன், வாங்கியவர் மூன்றாம் நாள் வேலை செய்யவில்லை என்றார், சரி திருப்பி அனுப்புங்கள் என்று பணத்தையும் போட்டுவிட்டேன். வந்தது வேறு சிடிஐ. அவருடைய செத்த சிடிஐ என் பெட்டியில் வந்து படுத்திருந்தது, என்னுடையது அவர் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்தச் சாமான் போனாலும் கண்ணில் படாத இடத்தில் ஒரு புள்ளி நெயில் பாலிஷ் வைக்கிறேன், இரும்பு என்றால் சென்டர் பஞ்சால் ஒரு குத்து. அதைப் படம் எடுத்து வாங்குகிறவருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். "இந்தக் குறி இருந்தா திருப்பி எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் ஒழுங்கானவர் கோபித்துக்கொள்வதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வதும் அப்படித்தான், அது அவருக்கும் பாதுகாப்பு.

எப்போது சரிப்படும்? எடை குறைவு, விலை நடுத்தரம், திரும்பி வந்தாலும் மறுவாரமே வேறு யாராவது வாங்கிக்கொள்கிற சாமான். ஸ்ப்ளெண்டர் மீட்டர், இண்டிகேட்டர் செட், சுவிட்ச் மாதிரி. அதிலும் போக்குவரத்துக் கூலியை மட்டும் முன்னால் வாங்கிவிடுங்கள். 100 ரூபாய் போட்டவர் பெட்டி வாசலுக்கு வரும்போது போனை எடுப்பார்.

## நடுவில் ஒரு மெக்கானிக்

எனக்குப் பிடித்த வழி இது, ஆனால் எல்லாச் சாமானுக்கும் ஒத்துவராது. வாங்குகிறவர் தன் ஊரில் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைச் சொல்ல வேண்டும். சாமான் அவருக்கு நேராகப் போகும். அவர் வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்து, வீடியோ காலில் மூன்று பேரும் இருக்கும்போது சரி என்றால் பணம் உடனே நமக்கு, இல்லையென்றால் அதே பெட்டியில் திரும்பி வரும். மெக்கானிக்குக் கூலி வாங்குகிறவர் பொறுப்பு, சாமான் சொன்னபடி இல்லையென்றால் நம் பொறுப்பு. இதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யுமா என்ற மூன்றாவது பயத்தை ஊர்விட்டு ஊர் இருந்தபடி தீர்ப்பதற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் இருக்கிறது. பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு ஸ்டாண்டர்டு போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற துளையின் விட்டம், 50 மில்லிமீட்டர், லேத்தில் போர் போடப் போட 0.25, 0.50 என்று ஏறிக்கொண்டே போகும். நாம் பிஸ்டன் தலையில் குத்தியிருக்கும் நம்பரையும் வெர்னியர் வைத்து அளந்ததையும் வீடியோவில் காட்டலாம்தான், இருந்தாலும் உள்சுவரில் கீறல் எவ்வளவு ஆழம், இன்னும் ஒரு போர் தாங்குமா என்பதை விரலால் தடவிப் பார்க்கிறவர் சொல்வதே வேறு.

மறைந்த செலவு காசில் இல்லை, மனுசரிடம் இருக்கிறது. நல்ல சாமானாகக் கண்ணில் பட்டால் "இது தேறாது, எனக்கே கழிச்ச விலைக்குக் குடுத்துரச் சொல்லு" என்கிற மெக்கானிக்கும் உண்டு. தன் கடையில் கிடக்கும் சாமானைத் தள்ளிவிட வேண்டும் என்று நம்முடையதைக் குறை சொல்கிறவரும் உண்டு. அதனால் "நல்லாருக்கான்னு பாருங்கண்ணே" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். போர் அளவு, ஃபின் உடைசல், தலைப்பக்க மரை என்று எதையெதைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி எழுதி அனுப்பினால், அவரும் அந்த நாலுக்குள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். நாம் சொல்லுகிற மெக்கானிக்கை வாங்குகிறவர் தலையில் கட்டவும் கூடாது. என்னதான் நல்லவராக இருந்தாலும் நம் ஆள் நம் ஆள்தான்.

பரமக்குடி, மதுரை, காரைக்குடி வரைக்கும் இது சுலபமாக நடக்கிறது, தூரம் போகப் போக இழுக்கும். ஒரு வாரம், பத்து நாள் பணம் முடங்கும்.

## நேரில் வந்து பார்த்து

திருட்டுப் பயத்தைத் தவிர உப்புப் பயம் உட்பட மற்ற எல்லாம் ஒரே நாளில் தீரும். தூரம்தான் தடை என்பார்கள். நமக்கு ஒரு வசதி இருப்பதை மறந்துவிடுகிறோம், ராமேசுவரத்துக்கு எப்படியும் ஆட்கள் வருகிறார்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள், சனி ஞாயிறில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு வண்டி எடுத்து வருகிற பையன்கள். பழைய யமஹா பிரியர்களுக்கு அது தீர்த்த யாத்திரைதான். "இந்தப் பக்கம் எப்ப வர்றீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், எடுத்து வைக்க 200 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க், ஃப்ரேமோடு ஒட்டிய பெரிய சாமான், முழு இஞ்சின் இதற்குத்தான் லாயக்கு. சந்திப்பு பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும்.

## திருட்டுப் பயத்துக்கு வழி வேறு

எந்த வழியில் பணம் வாங்கினாலும் இது தனியாகத்தான் தீர வேண்டும். இஞ்சின் நம்பர் உள்ள கிராங்க் கேஸ், சேஸி நம்பர் உள்ள ஃப்ரேம் இரண்டையும் ஆர்சி இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சம்ஹிதா 317-ஆம் பிரிவில் வாங்கியவர் மேலும் வழக்கு வரும். வண்டியை அடியோடு பிரித்துவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும், அந்தக் காகிதத்தைக் காட்டுகிற விற்பனையாளரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். காட்டினால் விலை பேசுவதே குறைந்துவிடும். ஆர்சி படம் அனுப்பும்போது விலாசத்தை மறைத்துவிடுங்கள், ஆதாரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

## எந்தச் சாமானுக்கு எது

| சாமான் | நான் தேர்ந்தெடுப்பது | காரணம் |
|---|---|---|
| லீவர், மிரர், ஃபுட்ரெஸ்ட் | முழுப் பணம் முன்னால் | விலை குறைவு, பார்த்தாலே தெரியும் |
| மீட்டர், இண்டிகேட்டர், சுவிட்ச் | கேஷ் ஆன் டெலிவரி, கூலி மட்டும் முன்னால் | எடை இல்லை, மறுபடி விற்கும் |
| கார்ப்பரேட்டர், சிடிஐ | பாதிப் பாதி, குறி வைத்து | மாற்றி அனுப்பும் ஆபத்து |
| பிளாக், பிஸ்டன், கிராங்க் | மெக்கானிக் வழி | கையால் பார்க்காமல் சொல்ல முடியாது |
| வீல், ஃபோர்க் செட் | லாரியில் செல்ஃப் புக்கிங் | கனம், கூரியர் கட்டாது |
| டேங்க், சைலன்சர், முழு இஞ்சின் | நேரில் | பெட்டி அளவுக்கே கூலி தின்றுவிடும் |

உச்சிப்புளித் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். பிளாக்கைக் கேட்ட மதுரைக்காரர் அவருடைய மெக்கானிக்குக்கு அனுப்பினால் சரி என்று ஒத்துக்கொண்டுவிட்டாராம். கார்ப்பரேட்டருக்குப் பாதிப் பணம் வந்துவிட்டது. டேங்கைப் பார்க்க திருச்சியிலிருந்து இரண்டு பேர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி போகிற வழியில் வருகிறார்கள். அதற்குள் உள்ளே கிடக்கிற பழைய பெட்ரோலை வடித்து, மூடியைத் திறந்துபோட்டு நிழலில் காயவிடச் சொல்லியிருக்கிறேன். அடியில் இருக்கும் துருவைச் சுரண்ட வேண்டாம், அவர்களே டார்ச் அடித்துப் பார்க்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சைலன்சரை மட்டும் எடைக்கே போட்டுவிடலாம், தட்டிப் பார்த்த சத்தத்தை அனுப்பியிருந்தார், ஓட்டைப் பானை மாதிரி இருந்தது.